மாலையைக் கழற்றிய மறுநாள்: ஏ.டி.எச்.டி உள்ளவர் குடியை விட என்னென்ன ஏற்பாடு வேண்டும்

கார்த்திகையில் மாலை போட்டவர் 41 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவே குவார்ட்டரும் கையுமாக இருப்பார். "சாமிக்கு மட்டும்தான் பயப்படுறான்" என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். பயம் ஒரு காரணம்தான். அந்த 41 நாளில் அவரைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கழுத்தில் மாலை, உடம்பில் கறுப்பு வேட்டி. காலையும் மாலையும் குளியல். வழக்கமாகக் கடைக்குப் போகும் அதே ஏழு மணிக்குப் பூசை. பார்ப்பவரெல்லாம் "சாமி" என்று கூப்பிடுவதால் யாரும் ஊற்றிக் கொடுக்கவும் துணிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு முடிவுத் தேதியும் இருக்கிறது. மாலை கழன்ற அன்று இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

ஏ.டி.எச்.டி, அதாவது கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு உள்ள மூளைக்கு இந்த வெளி ஏற்பாடுதான் ஊன்றுகோல். உள்ளே எடுத்த முடிவை மாலை ஏழு மணிவரை பிடித்து வைத்திருப்பதில்தான் அதற்குக் கோளாறே. அதனால் "இனி தொடமாட்டேன்" என்ற சத்தியத்தை நம்பாமல், சத்தியம் மறந்துபோனாலும் நிற்கிற ஏற்பாட்டைக் கட்டுவதற்கான வழிகள் கீழே.

ஏன் இவர்களுக்குக் குடி சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது

வளர்ந்தவர்களில் 100 பேரை எடுத்தால் இரண்டு மூன்று பேருக்கு ஏ.டி.எச்.டி இருக்கும். போதைப் பழக்க சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. இளவயதிலேயே குடிக்கு அடிமையானவர்களில் பலருக்குச் சிறுவயது ஏ.டி.எச்.டி இருந்ததைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

காரணம் பல. செயலுக்கு உந்துதல் தரும் டோபமைன் இவர்களுக்குச் சீராக வேலை செய்வதில்லை. குடி அதைக் கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிவிடுகிறது. நாள் முழுக்க ஓடிய தலைக்குள் சத்தம் இரண்டாவது ரவுண்டில் அடங்குகிறது. தூக்கம் வராதவருக்குக் கண் சொக்குகிறது. ஒரு வார்த்தை சொன்னால் சுருண்டுபோகிறவருக்கு அந்தக் குத்தல் மரத்துப்போகிறது. "வேண்டாம்" என்று நினைப்பதற்கும் கை கிளாஸை எடுப்பதற்கும் நடுவே மற்றவர்களுக்கு இருக்கும் இடைவெளி இவர்களுக்கு மிகக் குறைவு. நாளைக் காலைத் தலைவலி இன்றைக்கு உறைக்காது; இவர்கள் கணக்கில் காலம் இரண்டே வகை: இப்போது, அப்புறம்.

பிறகு குடி அந்தக் கடனை வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. போதை இறங்கும்போது இரவு இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வரும். தூக்கம் கெட்ட மூளையில் மறுநாள் கவனம் இன்னும் மோசம். வேலை தேங்கும், திட்டு விழும், மாலையில் மறுபடி அதே கடை.

ஏ.டி.எச்.டி-யா, குடியால் வந்த மறதியா

தினம் குடிக்கிறவர் எவருக்கும் கவனம் சிதறும், பொருள் தொலையும், கோபம் வரும். ஆகவே இன்றைய நிலையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது நோயறிதலின் விதி. மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகள் இருந்தால் கொண்டுபோங்கள். "நன்றாகப் படிப்பான், கவனம் போதாது", "வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள்" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட உதவும். அம்மாவையோ அக்காவையோ கூட்டிப்போனால் இன்னும் நல்லது. பெண் பிள்ளைகளிடம் துறுதுறுப்பு இல்லாமல் கனவில் இருப்பதுபோன்ற வகை அதிகம் என்பதால் பள்ளியில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவர்களுக்குத் தாயின் நினைவுதான் சாட்சி.

உலக சுகாதார அமைப்பின் ஆறு கேள்வி கொண்ட ஏ.எஸ்.ஆர்.எஸ் படிவத்தை வீட்டிலேயே நிரப்பலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளில் குறித்த அளவைத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நோய் உறுதி என்று அல்ல. குடிக்காமல் சில வாரம் இருந்தபின் மறுபடி நிரப்பினால் எது குடியின் வேலை, எது பிறவியிலேயே வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் அளவு

"ஒரு குவார்ட்டர்தான்" என்பது அளவு மாதிரித் தெரியும். 180 மி.லி பாட்டிலின் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது 77 மி.லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். பத்து கிராம் ஓர் அலகு என்று வைத்தால் ஒரு குவார்ட்டர் ஆறு அலகு. பங்கு போட்ட கட்டிங் மூன்று. 650 மி.லி பீர், எட்டு சதவீத ஸ்ட்ராங் ஆனால் நான்கு அலகு. "பீர்தானே" என்கிறவர் இரண்டு ஸ்ட்ராங் அடித்தால் ஒரு குவார்ட்டருக்கும் மேலே போய்விட்டார்.

இரண்டு வாரம் எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் வாங்கினால் மூன்றாம் நாள் தொலைந்துவிடும். உங்களுக்கு நீங்களே வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்ளும் குரல் பதிவு போதும்: மணி, அளவு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. கடைசி விஷயம்தான் முக்கியம். "மேனேஜர் கத்தினார்", "மதியம் சாப்பிடலை", "சும்மா இருந்தேன்" என்று மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

கூடவே குடிப்பழக்கத்தை அளக்கும், பத்துக் கேள்வி கொண்ட ஆடிட் படிவத்தையும் நிரப்புங்கள். எட்டு மதிப்பெண் முதல் ஆபத்தான குடி. இருபதோ அதற்கு மேலோ வந்தால் உடல் அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் அடுத்த பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகக்கூடாது.

யார் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது

காலையில் கை நடுங்கி, கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால். முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்திருந்தால். பல மாதமாகத் தினமும் ஆஃப் (இரண்டு குவார்ட்டர்) அளவுக்குக் குடித்தால். கல்லீரல் நோயோ வலிப்பு நோயோ இருந்தால். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் துணையில்லாமல் நிறுத்தாதீர்கள். மாலை போடுவதானாலும் இதே விதி. கழுத்தில் மாலை ஏறிய அன்றே முழுக் குடியை நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சல், இல்லாத பூச்சிகள் தெரிவது, இடம் நேரம் தெரியாமல் பிதற்றுவது வந்தால் அது உயிர்போகும் நிலை. 108-ஐக் கூப்பிடுங்கள். 2020 பொதுமுடக்கத்தில் கடைகள் ஒரே நாளில் மூடியபோது இந்தக் கோலத்தில் பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

மருத்துவமனையில் குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தை அளவாகத் தொடங்கி, ஏழெட்டு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். இவற்றை மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள். குடியோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும், தனியே ஒரு பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. "சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடலில் தயமின் என்ற பி1 சத்து வற்றிப்போயிருக்கும். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து மூளை பாதிக்கப்படலாம். கண் ஆடுவது, தள்ளாடும் நடை, குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். "தினமும் குடிப்பார், முதலில் தயமின் போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எங்கே போவது: மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், போதைப் பழக்க சிகிச்சைக்கென 1980 முதல் சென்னையில் இயங்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் 14416, தமிழில் பேசுவார்கள். தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். மனநல மருத்துவர் நேரில் வருகிறாரா? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா? ஆளை அனுப்பி வேனில் தூக்கிப்போகிறோம் என்கிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாலை ஐந்திலிருந்து ஒன்பது

தமிழ்நாட்டில் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. வேலைக்குப் போகிற ஒருவருக்கு உண்மையான போர் மாலை நான்கு மணி நேரம்தான். அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் கட்டினால் போதும். வாழ்க்கை முழுவதையும் ஒரே நாளில் சீர்திருத்த முயல்வது ஏ.டி.எச்.டி-யின் இன்னொரு வேலை. திங்கட்கிழமை ஜிம், யோகா, கணக்குப் புத்தகம் எல்லாம் தொடங்கும். வியாழனன்று எதுவும் இருக்காது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஏ.டி.எச்.டி-க்கு மெதில்ஃபெனிடேட் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு மதியப் பசி எடுக்காது. சாப்பிடாதவருக்கும் சாப்பிட மறந்தவருக்கும் ஆறு மணிக்கு வருவது வெறும் பசி. அதே நேரம் மருந்தின் வீரியமும் இறங்கியிருக்கும். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரமும், மெதுவாக வேலை செய்வது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும். பசியும் எரிச்சலும் சேர்ந்து வரும் அந்த உணர்வைத்தான் பலர் "குடிக்கணும் போல இருக்கு" என்று படித்துக்கொள்கிறார்கள். ஐந்தரை மணிக்கு அலாரம் வையுங்கள். இரண்டு முட்டை, சுண்டல், வாழைப்பழம், இட்லி, எதுவாக இருந்தாலும் வயிறு நிறைய, வேலையிடத்திலேயே, கிளம்புவதற்கு முன். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பேருக்கு மாலையின் நிறம் மாறிவிடும் என்பது எங்கள் கணிப்பு. அந்த நேரத்து எரிச்சல் தினமும் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்ப்பார்.

அடுத்து வழி. கடையைத் தாண்டிப் போகும் பாதையில் மன உறுதியைச் சோதிக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் வேறு பாதை. பைக்கில் தனியாக வருகிறவர் முதல் மாதம் பஸ்ஸில் வரலாம். பஸ் கடை வாசலில் நிற்காது.

பணம். ஜிபே இருக்கும்வரை "கையில் காசு இல்லை" என்பதற்கு அர்த்தம் கிடையாது. சம்பளக் கணக்கை யுபிஐ-யிலிருந்து நீக்கிவிட்டு, சிறிய கணக்கு ஒன்றை மட்டும் இணைத்து, அதில் வாரச் செலவுக்கு மட்டும் போடுங்கள். சம்பள நாள் தனி ஆபத்து. அன்று வாடகை, சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் தானாகப் பிடிக்கும்படி வையுங்கள். வீட்டுக்கு வரும்போது துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

வீட்டில் ஒரு பாட்டிலும் வேண்டாம். "விருந்தாளிக்கு வைத்திருக்கிறேன்" என்பதும் பாட்டில்தான்.

வேட்கை வந்துவிட்டால் அது அலை மாதிரி. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். "வேண்டாம்" என்று மூளையோடு வாதாடாதீர்கள், தோற்பீர்கள். "இருபது நிமிடம் கழித்து" என்று மட்டும் சொல்லிவிட்டு உடலுக்கு வேலை கொடுங்கள்: முகத்தில் குளிர்ந்த தண்ணீர், மாடிப்படி நாலு தடவை, ஒருவருக்கு போன். யாருக்கு என்பதை அப்போது யோசிக்க முடியாது. இரண்டு பேரை முன்பே கேட்டு, போன் முகப்பிலேயே அவர்கள் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கையும் வாயும் பழகியிருக்கும். புளிப்பும் உப்பும் காரமும் சோடாவும் பலருக்கு உதவும்: எலுமிச்சை சோடா, பன்னீர் சோடா, மோரில் பச்சைமிளகாய். சைட் டிஷ்தான் பிடிக்கும் என்றால் சைட் டிஷ்ஷையே சாப்பிடுங்கள், அதில் குற்றமில்லை. மூளை தேடுவது பாதி அதைத்தான். ஆல்கஹால் இல்லாத பீர் மட்டும் முதல் சில மாதம் வேண்டாம். மணமும் நுரையும் நாக்கை ஏமாற்றி அடுத்த கட்டத்துக்கு இழுத்துப் போகும்.

ஏழு மணிக்கு நிஜமாகவே போக வேண்டிய ஓர் இடம் வேண்டும். கேரம் ஆடும் கூட்டம், கோயில், ஷட்டில், டியூஷன் எடுப்பது, தமிழிலேயே நடக்கும் ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், எதுவானாலும் நீங்கள் வராவிட்டால் "எங்கே?" என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். தனியாக நடைபயிற்சி அந்த வகையில் சேராது.

கணக்குக்குச் செயலி வேண்டாம். நான்கு நாளில் அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். குடிக்காத நாளின் தாளைக் கிழித்து ஒரு டப்பாவில் போடுங்கள். குடித்த நாளின் தாளைக் குப்பையில் போடுங்கள். டப்பாவைக் கொட்டாதீர்கள். "தொடர்ந்து 63 நாள்" என்ற கணக்கு உடைந்தால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடும் மனம் இது. டப்பாவில் 63 தாள் இருந்தால் 64-ஆவதும் சேரும்.

மருந்து விஷயம்

குடியை முழுக்க விட்டால்தான் ஏ.டி.எச்.டி-க்கு மருந்து என்று முன்பு பல இடங்களில் சொன்னார்கள். இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதே நிபுணர்களின் நிலைப்பாடு. ஆனால் மருத்துவரிடம் குடி அளவை மறைக்காதீர்கள்.

ஏ.டி.எச்.டி மருந்துகளில் அடமாக்சிடின் போதைப் பழக்கம் உண்டாக்காது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். "ஒண்ணும் ஆகல" என்று பத்தாம் நாள் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. மெதில்ஃபெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. வீட்டில் ஒருவர் வாரத்துக்கு எண்ணிக் கொடுப்பது நல்லது. குடியோடு சேர்ந்தால் அதன் அளவு ரத்தத்தில் கூடும். போதை ஏறியது தெரியாமல் அதிகம் குடிக்கவும் வைக்கும். மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் புப்ரோபியான் வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால் குடி நிறுத்தும் நாட்களில் ஆகாது.

வேட்கைக்கு நால்ட்ரெக்சோன், பெரும்பாலும் தினம் 50 மி.கி. கல்லீரல் பரிசோதனை வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரையோடு சேராது. அகாம்ப்ரோசேட் தினம் மூன்று வேளை. மதிய மாத்திரையை நினைவில் வைக்கவே முடியாத ஒருவருக்கு இது எந்த அளவுக்குச் சரிவரும் என்பதை மருத்துவரிடம் நேராகப் பேசுங்கள். வேட்கைக்குச் சில மருத்துவர்கள் தரும் டோபிராமேட் சிலருக்கு வார்த்தை கிடைக்காமல் தடுமாற வைக்கும். ஏற்கெனவே மறதி உள்ளவருக்கு அது எரிச்சல்.

டைசல்ஃபிராம் வேறு வகை. குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த வினை வரலாம். யோசிக்காமல் கிளாஸை எடுக்கும் ஒருவருக்கு ஆபத்து அதிகம். "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். தெரியாமல் கொடுத்தால் குடிக்கிறவர் உயிருக்கே ஆபத்து.

எங்கே வழுக்கும்

இரண்டாவது மூன்றாவது வாரம். நடுக்கம் போயிருக்கும், பாராட்டும் ஓய்ந்திருக்கும், மிஞ்சுவது சலிப்பு. குடி மூடி வைத்திருந்த ஏ.டி.எச்.டி இப்போது அப்பட்டமாகத் தெரியும்: பொருள் தொலைகிறது, கோபம் பொங்குகிறது, தூக்கம் இல்லை. "குடிச்சப்பவே நல்லாயிருந்தேன்" என்று தோன்றும். மருத்துவரை இரண்டாம் முறை பார்க்கும் தேதியை இந்த வாரத்தில் வருமாறு முன்பே வாங்கிவிடுங்கள். பகல் இரண்டு மணிக்குப் பின் டீ, காபியை நிறுத்துங்கள்.

குடி போன இடத்தில் வேறொன்று உட்காரும். ஆன்லைன் ரம்மி மிக மோசம். அதையும் யுபிஐ ஏற்பாடே கொஞ்சம் தடுக்கும். இனிப்பு என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காதுகுத்து, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம். "ஒரே ஒரு ரவுண்டு மாப்ள" என்பவரிடம் கொள்கை பேசாதீர்கள். "மாத்திரை சாப்பிடுறேன் மாமா, டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார்" போதும். அதற்கு மேல் நம் ஊரில் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை. பந்தியில் முதல் வரிசையில் உட்காருங்கள், சாப்பிட்டவுடன் மொய் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பும் வண்டி உங்கள் கையில் இருக்கட்டும், குடிக்கிறவர் காரில் போகாதீர்கள்.

வீட்டார் செய்யக்கூடியது: வாசலில் மோந்து பார்ப்பதை நிறுத்துவது, ஐந்தரை மணிச் சாப்பாட்டுக்கு டப்பா கட்டிக் கொடுப்பது, மாத்திரை எண்ணுவது. காலையில் திட்டுவதில் பயனில்லை. பேச வேண்டியதை ஞாயிறு பகலில் பத்து நிமிடத்துக்குள் பேசி, முடிவு செய்ததைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

ஒரு நாள் வழுக்கினால் என்ன செய்வது என்பதை வழுக்கும் முன்பே எழுதி பர்ஸில் வையுங்கள். நான்கு வரி போதும். இரண்டாவது பாட்டில் வாங்க மாட்டேன், வண்டி ஓட்ட மாட்டேன். இன்னாருக்கு இன்றிரவே சொல்வேன். நாளைக் காலை மாத்திரை சாப்பிடலாமா என்று மருத்துவமனையைக் கேட்பேன். நாளை ஐந்தரைக்கு வழக்கம்போல் சாப்பிடுவேன். அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்து, நீங்கள் போன் செய்யப்போகும் ஆளிடமும் கொடுத்துவிடுங்கள். உங்கள் பர்ஸ் தொலையும்.